பாடப்படாத கடைசிச் சரணம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கும் ஆங்கில ராக் பாடகர் ஒருவருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். தொடர்பு ஏற்பட்டது ஒரு கதையால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியை ஒருவர், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காகச் சிறுவர் கதைகளைத் தம் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டு கதைகள் என்பது திட்டம். பதினொன்று முடிந்துவிட்டன. பன்னிரண்டாவது, நாம் அனைவரும் அறிந்த குரங்கும் முதலையும் கதை. ஆற்றின் நடுவே முதலை தன் உள்நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது; அதன் முதுகில் அமர்ந்திருக்கும் குரங்கு திடுக்கிடுகிறது. அந்த இடத்தில் ஆசிரியைக்கு இருமல் வந்துவிட்டது. "மீதியை நாளைக்குச் சொல்றேன் கண்ணுங்களா" என்று கூறிப் பதிவை நிறுத்தியிருக்கிறார். அந்த நாளை அவருக்கு வாய்க்கவில்லை.

கருமக்கிரியைகள் எல்லாம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "டீச்சர், பதினொரு கதை நம்மகிட்ட இருக்கு. அவங்க குரலைக் கணினிக்குப் பழக்கிட்டா, மிச்சக் கதையையும் அவங்களே சொல்ற மாதிரி செஞ்சிடலாம். பிள்ளைங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அவர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். அவருக்கும் அந்த ஆசிரியை பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஆயினும் என்னால் சரி என்றும் சொல்ல இயலவில்லை. வேண்டாம் என்று மறுப்பதற்கும் காரணம் அகப்படவில்லை. அன்றிரவு என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய ஒலிநாடா.

அண்ணனின் ஒலிநாடா

தொண்ணூறுகளின் நடுவில் என் அண்ணன் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் எந்நேரமும் திரைப்பாடல்தான். அவன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு 'குயின்' என்னும் ஆங்கிலக் குழுவின் பாடல்களைக் கேட்பான். எனக்கு அது வெறும் இரைச்சலாகவே தோன்றியது. ஒருநாள் புதிதாக வாங்கிய நாடாவை எனக்கும் போட்டுக் காட்டினான். அதில் மெதுவாகச் செல்லும் பாடல் ஒன்று. முடிவை நெருங்கும்போது பாடும் குரல் திடீரென்று மாறியது. நாடா சிக்கிக்கொண்டது என்று எண்ணி நான் எழுந்தேன். "நாடா நல்லாத்தான் இருக்கு. பாடினவர் செத்துப்போயிட்டார். மீதியை அவர் கூட்டாளி பாடுறார்" என்றான் அண்ணன்.

அப்பாடலின் பெயர் 'மதர் லவ்'. பாடியவர் ஃபிரெடி மெர்குரி. அந்த இசைத்தொகுப்பு 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'மேட் இன் ஹெவன்'. வெளிவரும்போது பாடகர் மறைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு தலைமையாசிரியரின் கடிதம்

ஃபிரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில், பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் அங்கே ஆங்கிலேய அரசாங்கத்தில் காசாளராகப் பணிபுரிந்தார். எட்டு வயதளவில் மகனைக் கப்பலேற்றி, மகாராஷ்டிர மலைநகரான பஞ்ச்கனியில் உள்ள புனித பீட்டர் பள்ளியின் விடுதியில் சேர்த்தார்கள்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. இந்தப் பையனிடம் இசைத்திறன் இருப்பதைப் பள்ளித் தலைமையாசிரியர் கண்டுகொண்டார். சற்றுக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் முறையாக இசை பயிற்றுவிக்கலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பெற்றோரும் இசைந்தார்கள். அவர் பியானோ பயின்றார். பள்ளிப் பாடற்குழுவில் பாடினார். பன்னிரண்டு வயதளவில் தோழர்களுடன் 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு பள்ளி இசைக்குழுவையும் தொடங்கினார். 'ஃபிரெடி' என்னும் பெயரும் அப்பள்ளியில் வழங்கத் தொடங்கியதுதான். நாம் ஆண்டிறுதியில் மாணவர் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரி எங்கே போய் நிற்கும் என்பதை நாம் அறிவதில்லை.

1964ஆம் ஆண்டு சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்றார். 1970இல் கித்தார் கலைஞர் பிரையன் மே, மத்தளக் கலைஞர் ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து 'குயின்' குழு உருவாயிற்று. மறு ஆண்டு ஜான் டீக்கன் சேர்ந்தார். குழுவின் சின்னத்தை வரைந்தவரும் ஃபிரெடிதான். கல்லூரியில் கற்ற எதையும் அவர் வீணாக்கவில்லை.

தொடக்கத்தில் அவர்களுடையது அசல் ஹார்ட் ராக் இசை. மின்கித்தாரின் உறுமல், இடிபோன்ற மத்தளம், அவற்றுக்கு மேலே ஏறி நிற்கும் ஆண்குரல். 1974இல் வெளியிட்ட 'ஸ்டோன் கோல்ட் கிரேசி' என்னும் பாடலின் வேகத்தைப் பின்னாளில் மெட்டாலிக்கா குழு எடுத்துப் பாடி, 1991இல் கிராமி விருதும் பெற்றது. ஆனால் ஃபிரெடி அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. 1975இல் வெளிவந்த 'போஹிமியன் ராப்சடி' ஏறத்தாழ ஆறு நிமிடப் பாடல். தாலாட்டு போன்ற தொடக்கம், நடுவே ஓப்பரா, பிறகு ராக் முழக்கம். நடுப்பகுதியில் ஒரு பெரும் பாடற்குழுவே பாடுவதாகத் தோன்றும். பாடியவர்கள் மூவர் மட்டுமே. ஒரு குரலின்மேல் இன்னொரு குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததில் நாடா தேய்ந்து, அதனூடே வெளிச்சம் தெரியும் நிலைக்கு வந்துவிட்டதாகப் பிரையன் மே சொல்லியிருக்கிறார். அப்பாடல் பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

1985 ஜூலை 13ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிடங்களே. அத்தனை பெரிய கூட்டத்தையும் தம் குரலுக்கு மறுகுரல் கொடுக்க வைத்தார் அவர். ஒலிவாங்கிக் கம்பைப் பிடித்தபடி ஒரு வகுப்பறையை நடத்துவதுபோல் அவர் அதை நடத்தினார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 1986 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் நடந்ததே குயினுடன் அவருடைய கடைசி மேடை.

நேரத்துடன் ஒரு போட்டி

1987இல் அவருக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது உறுதியாயிற்று. அக்காலத்தில் அந்நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கிடையா. செய்தித்தாள்காரர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவரோ ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார். ஸ்பானிய ஓப்பராப் பாடகி மொன்செராட் கபாயேயுடன் 'பார்சிலோனா' தொகுப்பைப் பாடினார். குழுவுடன் 1989இல் ஒரு தொகுப்பு, 1991 தொடக்கத்தில் 'இன்யுவெண்டோ' என இன்னொரு தொகுப்பு. இதில் வரும் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாடலின் உச்சத்தாயியைப் பாட இயலுமோ என்று பிரையன் மே தயங்கினாராம். நடக்கவே சிரமப்பட்ட மனிதர், சற்று மது அருந்திவிட்டு நின்று அதைப் பாடி முடித்தார். கேட்பவர்களுக்கு அந்தக் குரலில் நோய் தெரியாது.

தொகுப்பு முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில், ஜெனீவா ஏரிக்கரையில் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. உடல்நிலை இடங்கொடுக்கும் நாள்களில் அங்கே வந்தார். தமக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நண்பர்களிடம், எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடிவிடுகிறேன். நான் போனபின் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். முழு இசையையும் அமைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. 'மதர் லவ்' பாடலுக்குத் தாளப்பொறி ஒன்றின் துணையே போதுமாயிற்று. பிரையன் மே ஒரு சரணத்தை எழுதி நீட்ட, ஃபிரெடி உடனே பாடினார். அடுத்தது எழுத, அடுத்ததையும் பாடினார்.

இது நடந்தது 1991 மே மாதம். கடைசிச் சரணத்துக்கு வந்தபோது அவர் களைத்துவிட்டார். சற்று ஓய்வெடுத்துக்கொண்டு பின்னர் வந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லிச் சென்றார். பிறகு வரவில்லை. நவம்பர் 23ஆம் நாள் தம் நோயைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். மறுநாள், 45ஆம் வயதில் உயிர் நீத்தார். பார்சிக் குருமார்கள் வேதமோதி இறுதிச் சடங்கை நடத்தினார்கள்.

எஞ்சியோர் செய்த வேலை

குரல்கள் நாடாக்களில் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்பதுதான் எஞ்சிய மூவரின் முன்னிருந்த கேள்வி. டெய்லரும் டீக்கனும் முதலில் தொடங்கினார்கள். பிறகு பிரையன் மேயும் இணைந்தார்.

ஒரு தொகுப்புக்குத் தேவையான அளவு கடைசிக் காலப் பாடல்கள் இல்லை. எனவே பழையவற்றையும் தேடினார்கள். 1985இல் ஃபிரெடி தனியாக வெளியிட்ட தொகுப்பிலிருந்து இரண்டு பாடல்களின் குரலை மட்டும் எடுத்து, புதிய இசையைப் பூட்டினார்கள். 1980இல் மியூனிக்கில் அவர் பியானோவில் விளையாட்டாக வாசித்துப் பாடிய சிறு துணுக்கு ஒன்று தொகுப்பின் முதற்பாடலாக வளர்ந்தது. மோந்த்ரோவில் ஏரியைப் பார்த்து அவர் எழுதிய 'எ விண்டர்ஸ் டேல்' என்னும் பாடலும் இதில் இடம்பெற்றது.

'மதர் லவ்' பாடலின் கடைசிச் சரணத்துக்கு வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே என் கட்டுரையின் மையம். முன் பாடிய சரணம் ஒன்றை மீண்டும் ஒட்டியிருக்கலாம். குரல் ஒத்த வேறு பாடகர் ஒருவரை அழைத்திருக்கலாம். பாடலை அங்கேயே முடித்துமிருக்கலாம். பிரையன் மே ஒலிவாங்கியின்முன் நின்று, தம்முடைய சொந்தக் குரலில் பாடினார். அவருடைய குரல் மென்மையானது. ஃபிரெடியின் ஆற்றல் அதற்குக் கிடையாது. அவர் ஃபிரெடியைப்போல் பாட முயலவும் இல்லை. நான் நாடா சிக்கிவிட்டது என்று எண்ணிய இடம் அதுதான். அத்தொகுப்பில் 'லெட் மீ லிவ்' என்று இன்னொரு பாடல் உண்டு. அதில் முதற்சரணத்தை ஃபிரெடியும் அடுத்ததை டெய்லரும் அதற்கடுத்ததை மேயும் பாடுவார்கள். அங்கும் மூன்று குரல்கள் மூன்றாகவே ஒலிக்கும்.

'மதர் லவ்' முடிவில் ஒரு வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். வெம்பிளி மேடையில் ஃபிரெடி கூட்டத்துடன் குரலெழுப்பிய ஒலி வரும். பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் புனைபெயரில் பாடிய பாட்டு ஒன்றின் துண்டு வரும். இறுதியில் ஒரு குழந்தையின் அழுகை. வாழ்க்கை பின்னோக்கி ஓடி முடிகிறது.

எல்லாமே ஒன்றல்ல

இறந்தவரின் குரலைத் தொட்டவர்கள் இந்த மூவர் மட்டுமல்லர். 1993இல் அவருடைய 'லிவிங் ஆன் மை ஓன்' பாடலை நடன அரங்குகளுக்கேற்ற தாளத்துடன் மாற்றி வெளியிட்டார்கள். அது பிரிட்டனில் முதலிடம் பெற்றது. உயிரோடிருந்தபோது அதே பாடல் அந்த உயரத்தைத் தொடவில்லை. அவர் இருந்திருந்தால் அதை விரும்பியிருப்பாரா? விரும்பியும் இருக்கலாம். ஆனால் கேட்க ஆளில்லை.

2018இல் வெளிவந்த திரைப்படத்தில் நடிகர் ராமி மாலெக் பாடுவதாக வரும் காட்சிகளில் ஃபிரெடியின் பழைய பதிவுகளும் மார்க் மார்ட்டெல் என்ற பாடகரின் குரலும் நடிகரின் குரலும் கலந்திருக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று என் செவிக்குப் புலப்படவில்லை. அது நடிப்பு என்பது பார்ப்பவருக்குத் தெரியுமாதலால் குறையில்லை.

2019இல் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1986இல் ஒரு மேடை நாடகத்துக்காக ஃபிரெடி பாடிய பாடல் அப்போது ஏராளமான பின்னணிக் குரல்களோடும் கருவிகளோடும் வந்திருந்தது. அதைத் தயாரித்த டேவ் கிளார்க், வெறும் பியானோவுடன் ஃபிரெடி பாடியிருந்த மூலப்பதிவைத் தேடிக் கண்டெடுத்து வெளியிட்டார். சேர்ப்பதற்குப் பதிலாக நீக்கினார்கள். 2022இல், 1988ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து 'ஃபேஸ் இட் அலோன்' என்னும் பாடல் வெளிவந்தது. அதை மீட்கவே முடியாது என்று முன்பு கைவிட்டிருந்தார்களாம். தொழில்நுட்பம் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆகவே தொழில்நுட்பத்தை நான் பழிக்கவில்லை. மங்கிய குரலைத் துலக்குவது வேறு; பாடாததைப் பாடியதாகக் காட்டுவது வேறு.

மே, டெய்லர், டீக்கன் ஆகியோர் செய்ததிலும் கேள்விக்கு இடமில்லாமல் இல்லை. முடித்துக்கொள்ளுங்கள் என்று ஃபிரெடி சொன்னது மோந்த்ரோ பதிவுகளைப் பற்றித்தான். அவரே தம் விருப்பப்படி முடித்து வெளியிட்டிருந்த 1985ஆம் ஆண்டுப் பாடல்களின் இசையை மாற்றச் சொல்லவில்லை. இரு வடிவங்களையும் கேட்டு, பழையதே சிறந்தது என்பாரும் உளர். அன்பினால் செய்தாலும் இறந்தவரின் பொருளில் கைவைக்கும்போது இந்த உறுத்தல் வரத்தான் செய்யும். உறுத்தல் வருவது நல்லது என்றே எண்ணுகிறேன்.

பன்னிரண்டாவது கதை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் நான் அந்த ஆசிரியையின் மகளைச் சந்தித்தேன். இரண்டு வழிகளையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா கதையை முடிக்கத்தான் நெனச்சாங்க. ஆனா அவங்க சொல்லாத வார்த்தையை அவங்க குரல்ல நான் எப்படிக் கேப்பேன் டீச்சர்?" என்றார். இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். அந்த இருமலையும், நாளைக்குச் சொல்றேன் என்ற பேச்சையும் வெட்டிவிட வேண்டாம் என்றார்.

இளம் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. அதே கணினித் திறமையைக் கொண்டு, பதினொரு கதைகளிலும் இருந்த மின்விசிறி இரைச்சலையும் வாகன ஓசையையும் நீக்கிக் கொடுத்தார். ஆசிரியையின் குரல் எதிரில் அமர்ந்து பேசுவதுபோல் தெளிந்தது. கதையின் மீதியை நான் என் குரலில் பதிவு செய்தேன். நான்கு முறை முயன்றேன். அவரைப்போல் முதலைக்கு ஒரு குரல், குரங்குக்கு ஒரு குரல் என்று பேச எனக்கு வரவில்லை. வந்தவரையில் சொன்னேன்.

வகுப்பில் அதைப் போட்ட நாள், இருமல் வந்த இடத்தில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு என் குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த சிறுமி திரும்பி என்னைப் பார்த்து, "பாட்டி டீச்சர் எங்கே போனாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பதிவை நிறுத்திவிட்டு, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது எளிதன்று. அவர்கள் பல கேள்விகள் கேட்டார்கள். சிலவற்றுக்கு என்னிடம் விடை இல்லை. இளம் ஆசிரியர் முதலில் சொன்னபடி செய்திருந்தால் கதை தடையின்றி ஓடி முடிந்திருக்கும். அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. தங்களுக்காகப் பதினொன்றரைக் கதைகளை ஒருவர் இருமிக்கொண்டே சொல்லி வைத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திராது. "சரி டீச்சர், குரங்கு தப்பிச்சதா?" என்று ஒரு பையன் கேட்டபோதுதான் மீண்டும் பதிவை இயக்கினேன்.

பெற்றோர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியரின் கதைகளையும் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் இன்றே பதிவு செய்து வையுங்கள். கைப்பேசி போதும். பதிவு செய்யும்போதே அவர்களிடம் ஒரு சொல் கேட்டு வையுங்கள்: இதை யாரெல்லாம் கேட்கலாம், முடியாமல் நின்றுவிட்டால் யார் முடிக்க வேண்டும் என்று. ஃபிரெடி மெர்குரி கேட்காமலேயே அதைச் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் அப்படிச் சொல்லிச் செல்வதில்லை.

அண்ணனின் அந்த ஒலிநாடா இப்போது எங்கள் வீட்டில் இல்லை. பாடல் கிடைக்கிறது. சென்ற வாரம் மீண்டும் கேட்டேன். கடைசிச் சரணத்தில் குரல் மாறியபோது இம்முறை நான் எழுந்திருக்கவில்லை.